அழைப்பவர் அறிந்த பெயர்



தொலைபேசிக் கம்பி வழியே, யூனிக்ஸ் இயங்குதளம் கொண்ட கணினிகள் ஒன்றையொன்று கூப்பிட்டு அஞ்சல் கைமாற்றிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் மற்றக் கணினிகளுக்கு மாற்றுப்பெயர் எழுதி வைப்பார்கள். ஏலியாஸ் என்பார்கள். அந்தச் சிறு வேலையைத்தான் இன்று எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன். பெரிய நெறிமுறைகளுக்குக் கிடைத்த பாராட்டில் கால்பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்தக் கணினிகள் ஒன்றையொன்று கூப்பிடப் பயன்படுத்திய யூயூசிபி என்ற நிரல்தான் களம். பெல் ஆய்வுக்கூடத்தில் மைக் லெஸ்க் 1970-களின் நடுவில் எழுதியது. 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வெளியே பரவியது. நம் நாட்டில் 1986-இல் தொடங்கிய, சென்னை ஐஐடி உட்பட எட்டு நிறுவனங்கள் சேர்ந்த எர்நெட் என்ற கல்வி, ஆய்வு வலையிலும், தொடக்ககால மின்னஞ்சல் இந்த டயல்-அப் வழியில்தான் ஓடியது.

அழைப்பு எப்படி நடக்கும்? ஒவ்வொரு கணினியிலும் 'எல்.சிஸ்' என்றொரு கோப்பு. அண்டைக் கணினி ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு வரி: அதன் பெயர், எந்த நேரத்தில் கூப்பிடலாம், கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடத்தின் வேகம், தொலைபேசி எண், நுழைவுப்பெயர், கடவுச்சொல். கட்டணம் குறையும் இரவு நேரத்தையே பலரும் குறித்திருப்பார்கள். மோடம் எண்ணைச் சுழற்றும், மறுமுனை எடுக்கும், கடவுச்சொல் சரிபார்க்கப்படும். அதற்குப் பிறகு வருவதுதான் நமக்கு முக்கியம். எடுத்த கணினி 'இங்கே இருக்கிறேன்' என்ற பொருளில் ஒரு சொல் அனுப்பும். பழைய பதிப்புகள் அதோடு நிறுத்திக்கொண்டன. பிந்தியவை தம் பெயரையும் சேர்த்துச் சொல்லின. கூப்பிட்ட கணினி அந்தப் பெயரைத் தன் கோப்பிலுள்ள பெயரோடு ஒப்பிடும். பிறகு தன் பெயரைச் சொல்லும். அந்தப் பெயர் மறுமுனையின் கோப்பில் இல்லையென்றால், 'உன்னை எனக்குத் தெரியாது' என்று ஒரு வரி வரும், இணைப்பு அறுந்துவிடும். மணியடித்து, எடுத்து, கடவுச்சொல்லும் ஒத்துப்போய், கடைசியில் பெயரில் முறிந்தால், அஞ்சல் போகாது. தொலைபேசிக் கட்டணம் மட்டும் ஏறும்.

பெயர் ஏன் முறிந்தது? அந்த வலையில் பெயர் சூட்டும் அதிகாரி எவரும் இல்லை. கணினி வைத்திருந்தவர் தமக்குப் பிடித்த பெயரை வைத்தார். நிலநடுக்க ஆய்வு மையம் ஒன்றின் கணினி 'சீஸ்மோ', ஆம்ஸ்டர்டாமில் 'எம்சிவேக்ஸ்', மெல்போர்னில் 'முன்னாரி'. பெயரை வைப்பது எளிது, மாற்றுவதுதான் கடினம். ஏனென்றால் பெயர் எழுதப்பட்டிருப்பது மற்றவர்களுடைய கோப்புகளில். போதாததற்கு, பல பதிப்புகள் பெயரின் முதல் ஏழு எழுத்துகளை மட்டுமே பார்த்தன. பிரின்ஸ்டன் என்ற கணினிப் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. அதைக் குறைத்துச் சொல்லும் கணினியும் முழுதாக எதிர்பார்க்கும் கணினியும் சந்தித்தால், சரியான ஆளே வாசலில் நின்றாலும் கதவு திறக்காது.

இதற்குப் பெர்க்லி யூனிக்ஸின் 4.3 பதிப்பு கண்ட தீர்வு 'எல்.ஏலியாஸஸ்' என்ற கோப்பு. 1986-இல் வந்த பதிப்பு அது. ஒரு வரிக்கு இரண்டே சொற்கள்: முதலில் உண்மைப் பெயர், அடுத்தது மாற்றுப்பெயர். மாற்றுப்பெயருக்கு வருவதெல்லாம் உண்மைப் பெயருக்குப் போகும். இது எதற்கெல்லாம் உதவும் என்று அதன் கையேடு சொல்வது எனக்கு மிகவும் பிடித்தது: பெயர் மாறிய கணினிகளுக்கு, பெயரை முழுதாகச் சொல்லாத கணினிகளுக்கு, மக்கள் அடிக்கடி எழுத்துப்பிழையோடு எழுதும் பெயர்களுக்கு. பிழையாக எழுதுகிறவரைத் திருத்தப் போகாமல், பிழையையே ஒரு பெயராக ஏற்றுக்கொண்டு அஞ்சலைச் சேர்த்துவிடுகிறது இந்தக் கோப்பு. அதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. என் கணினியில் நான் ஒரு வரி எழுதினால் போதும். எவரும் எவருக்கும் கட்டளையிட முடியாத ஒரு வலைக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

குறையும் உண்டு. அந்த வரி என் கணினியில் மட்டுமே செல்லும். பக்கத்துக் கணினி தன் வரியைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும்.

பெர்க்லியின் அந்தப் பதிப்புக்கு முன்பே, 1983-இல் பீட்டர் ஹனிமன், டேவிட் நோவிட்ஸ், பிரையன் ரெட்மன் மூவரும் யூயூசிபியை மீண்டும் எழுதினார்கள். அவர்களுடைய நுழைவுப்பெயர்களை ஒட்டி அதற்கு 'ஹனிடான்பர்' என்று பெயர் வந்தது. அதன் அனுமதிக் கோப்பில், குறிப்பிட்ட கணினியிடம் என்னை இன்ன பெயரால் சொல்லிக்கொள் என்று எழுத முடிந்தது. பிறருக்கு நான் வைக்கும் பெயரோடு, பிறரிடம் நான் சொல்லும் பெயரும் என் கைக்கு வந்தது. இயன் லான்ஸ் டெய்லர் பின்னர் எழுதிய யூயூசிபியில் இரண்டுமே தெளிவான கட்டளைகளாக அமைந்தன. அலுவலகத்துக்குள் ஒரு பெயர், வெளியே ஒரு பெயர் என்று ஒரே கணினி இரு வலைகளில் வாழ இது வழி செய்தது.

சொன்ன பெயரை நம்பும் அமைப்பில் ஆள்மாறாட்டமும் எளிது. அதனால்தான் ஹனிடான்பர் இந்தப் பெயர் இந்த நுழைவுப்பெயரோடு மட்டுமே வரலாம் என்று பூட்டவும் இடம் வைத்தது. மாற்றுப்பெயரைத் தாராளமாக எழுதிவிட்டு இந்தப் பூட்டைப் போடாமல் விடுவது பொறுப்பான பராமரிப்பு ஆகாது.

இந்தக் கலையின் உச்சம் என்று நான் கருதுவது 'பாத்ஏலியாஸ்' நிரலை. ஹனிமனும் ஸ்டீவ் பெல்லோவினும் அதைப் பற்றி 1986-இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். அன்று முகவரி என்பது வழிதான். எந்தெந்தக் கணினி வழியாகப் போக வேண்டுமோ அத்தனை பெயரையும் ஆச்சரியக்குறியிட்டு வரிசையாக எழுத வேண்டும். பாத்ஏலியாஸ் முழு வலையின் வரைபடத்தையும் வாசித்து மலிவான வழியைக் கணக்கிட்டது. நினைத்தபோது கூப்பிடும் இணைப்புக்கு 300, நாளுக்கொரு முறை என்றால் 5000, வாரத்துக்கொரு முறை என்றால் 30000 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை.

ஒரே கணினிக்கு இரண்டு பெயர் இருந்தால் இந்த நிரல் என்ன செய்தது? எது உண்மைப் பெயர் என்று தீர்ப்பளிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே செலவே இல்லாத பாதை ஒன்றைப் போட்டது. வழியை எழுதும்போது, அந்தக் கணினிக்கு முந்தைய கணினி அதை எந்தப் பெயரால் அறியுமோ அந்தப் பெயரை எழுதியது. ஒரே ஆள் பள்ளிக்கூடத்தில் சுப்பிரமணியன், தெருவில் மணி என்றால், தெருவில் விசாரிப்பவரிடம் மணி என்றுதானே சொல்லி அனுப்புவோம்? எல்.ஏலியாஸஸ் கோப்பு முதல் சொல்லை உண்மைப் பெயர் என்றது. பாத்ஏலியாஸுக்கு அந்தப் பாகுபாடே தேவைப்படவில்லை. கேட்பவருக்குப் புரிவதே சரியான பெயர்.

எதிர்த்திசைச் சிக்கலையும் அது விடவில்லை. பாத்ஏலியாஸின் கையேடு காட்டும் எடுத்துக்காட்டில் இரண்டு வெவ்வேறு கணினிகளுக்கு ஒரே பெயர், பில்போ. டோல்கீன் கதையின் நாயகன் பெயர். இருவரில் ஒருவரைப் பெயர் மாற்றச் சொல்லலாம். எந்த அதிகாரத்தில் சொல்வது? அதனால் ஒரு பில்போவை 'தனிப்பெயர்' என்று அறிவிக்க வழி தந்தார்கள். அந்த அறிவிப்பு அது எழுதப்பட்ட வரைபடக் கோப்பின் எல்லைக்குள் மட்டும் செல்லும். இரண்டு பில்போவும் தத்தம் பெயரோடு இருக்கலாம். ஒருவர் அஞ்சல் மற்றவருக்குப் போகாது.

1980-களின் இரண்டாம் பாதியில் டொமைன் எனும் களப்பெயர்கள் பரவின. அஞ்சல் வாங்கித் தரும் கணினியைக் குறிக்கும் எம்எக்ஸ் பதிவுகளும் வந்தன. டயல்-அப் கணினியும் உலகறிந்த ஒரே பெயரைப் பெற முடிந்தது. அது நல்ல மாற்றம். அஞ்சல் எழுதுகிறவர் வழியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒற்றைப் பெயருக்கு மேலே பதிவகம் வேண்டும், அதற்கு மேலே இன்னொன்று வேண்டும். மேலே யாரும் இல்லாமலேயே ஆயிரக்கணக்கான கணினிகள் பெயர்ப் பிணக்கைத் தீர்த்துக்கொண்டது, இரண்டு சொல் வரிகளை ஒவ்வொருவரும் தம் கணினியில் பொறுமையாக எழுதி வைத்ததால்தான்.