எஸ்டேட்டின் சூடு எங்கே போகிறது?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெப்பமும் வெப்பநிலையும் வேறு என்று ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். மாணவர்களும் எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். அந்த வேறுபாட்டால் என்ன பயன் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அதற்கான பதில் நம் அம்பத்தூரிலேயே இருக்கிறது.

1960-களில் உருவான தொழிற்பேட்டையில், லேத் பட்டறைகளுக்கு நடுவே இன்று தரவு மையங்கள் எழுந்துள்ளன. டிஜிட்டல் கனெக்‌ஷன் நிறுவனம் 2024 ஜனவரியில் திறந்த மையத்தின் முதற்கட்டத் திறன் 20 மெகாவாட். சர்வருக்குள் செல்லும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. 20 மெகாவாட் என்பது 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 20,000-ஐ ஒரே நேரத்தில் போட்டு வைப்பதற்குச் சமம். இந்தக் கணக்கை மாணவர்களே போடட்டும்.

வெப்பம் இவ்வளவு இருந்தும், வெளிவரும் காற்றின் வெப்பநிலை பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிதான். அதை வைத்து ஒரு டம்ளர் டீகூடப் போட முடியாது. இங்கேதான் பாடம் உயிர் பெறுகிறது.

குளிர்நாடான சுவீடனில், ஸ்டாக்ஹோம் நகரம் இந்த வெப்பத்தை வெப்ப எக்கிகளால் உயர்த்தி, குழாய்கள் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் நீச்சல் அரங்கத்துக்கு அருகிலிருந்த தரவு மையம் வெப்பம் கொடுத்தது.

"நமக்குத்தான் ஏற்கெனவே வேர்க்குதே, டீச்சர்?" என்றான் ஒரு மாணவன். நியாயமான கேள்வி. நமக்கு வேண்டியது கணப்பு அல்ல, தண்ணீர். சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், அழுத்தத்தைக் குறைத்தால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே ஆவியாகும் என்ற தத்துவத்தைக் கொண்டு 2005-இல் கவரத்தித் தீவில் கடல்நீரைக் குடிநீராக்கியது. 2009-இல் வடசென்னை அனல்மின் நிலையத்தில், கழிவு வெப்பம் ஏந்தி வரும் நீரிலிருந்தே நன்னீர் எடுத்துக் காட்டியது.

அம்பத்தூரில் கடல் இல்லை. வெதுவெதுப்பான வெப்பத்தை வெகுதூரம் கொண்டுசெல்வதும் கட்டுப்படியாகாது. ஆகவே மாணவர்களுக்கு ஒரு செயல்பாடு கொடுங்கள்: எஸ்டேட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் வெந்நீரோ உலர்த்தும் வெப்பமோ யாருக்குத் தேவை? சலவையகம், மருத்துவமனை, உணவகம், சாயப்பட்டறை என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் தேவையான வெப்பநிலையை எழுதட்டும். எது நேரடியாகப் பொருந்தும், எதற்கு வெப்ப எக்கி வேண்டும் என்று விவாதிக்கட்டும்.

நம் பிள்ளைகள் பலரின் பெற்றோர் அந்தக் கட்டடங்களுக்குக் காவலாளியாகவும் துப்புரவுப் பணியாளராகவும் செல்கிறார்கள். பிள்ளைகள் அங்கே பொறியாளராகச் செல்ல வேண்டுமானால், அந்தச் சுவருக்குப் பின்னால் நடப்பது தங்கள் புத்தகத்தில் உள்ள அறிவியல்தான் என்பதை இப்போதே உணர வேண்டும். அதை உணர்த்துவது நம் கையில் இருக்கிறது.