செல்பேசி அலையும் வளரும் மூளையும்

(ஹைதராபாத்தில் மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

நம் நாட்டில் இன்று நூறு கோடிக்கும் மேற்பட்ட செல்பேசி இணைப்புகள் உள்ளன. வங்கிக் கணக்கு, பள்ளிப் பாடம், அரசின் உதவித் தொகை ஆகிய அனைத்தும் அக்கருவியின் வழியே மக்களை வந்தடைகின்றன. எனவே, அதன் அலைகள் மூளையைப் பாதிக்குமா என்னும் வினா மருத்துவர்களுக்கு உரியதாக இருப்பது போலவே, திட்டமிடுவோருக்கும் உரியதாகும்.

கோபுரமும் கருவியும்

ஹைதராபாத் போன்ற நெருக்கமான நகரங்களில் மாடிமீது செல்பேசிக் கோபுரம் எழும்போது அண்டை வீட்டார் அஞ்சுவது இயல்பே. ஆயினும், செல்பேசியில் பேசுபவரின் மூளை பெறும் அலையில் பெரும்பகுதி காதோடு ஒட்டிய கருவியிலிருந்தே வருகிறது. அலை பரவும்போது தொலைவு இருமடங்கானால் அதன் செறிவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. மேலும், கோபுரத்தின் தொடர்பு நன்றாகக் கிடைக்கும் இடத்தில் செல்பேசி தன் ஆற்றலைக் குறைத்துக் கொள்கிறது. தொடர்பு நலிந்த இடத்தில் கூட்டிக் கொள்கிறது. ஆகவே, ஒரு பகுதியில் கோபுரங்களை அகற்றினால், அங்குப் பேசுவோரின் தலை பெறும் அலை மிகுதியாகவும் கூடும்.

அரசு இவ்விரண்டையும் தனித்தனியே வரையறுத்தது. 2012 செப்டம்பர் 1 முதல், கோபுர அலைக்கான வரம்பு பன்னாட்டு நெறியின் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. கருவியிலிருந்து உடல் ஈர்த்துக்கொள்ளும் ஆற்றல், ஒரு கிராம் திசுவின் சராசரியாகக் கணக்கிடும்போது, கிலோகிராமுக்கு 1.6 வாட்டைத் தாண்டலாகாது என்றும் விதிக்கப்பட்டது. ‘சார்’ எனப்படும் இவ்வளவைப் பல கருவிகளில் *#07# என்று அழுத்திக் காணலாம்.

ஆய்வுகள் கூறுவன

இவ்வலைகள் எக்ஸ் கதிர்களைப் போல அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் அற்றவை. எனினும், மூளை அவற்றை அறவே உணர்வதில்லை என்று கூற இயலாது. 2011-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் நோரா வோல்கோவும் அவர்தம் குழுவினரும் 47 பேரை ஆராய்ந்தனர். 50 நிமிடம் செல்பேசி இயங்கியபோது, அதன் ஆண்டெனாவுக்கு அருகிலிருந்த மூளைப் பகுதியில் குளுகோஸ் பயன்பாடு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடியது. இதனால் தீங்கு விளையுமா என்பது அவ்வாய்வில் புலப்படவில்லை. செயல்பாட்டில் மாற்றம் காணப்படுவது வேறு, அறிவுத்திறன் குன்றுவது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி நடந்து 2024-இல் வெளிவந்த தொகுப்பாய்வுகள், மூளைப் புற்றுநோயுடன் செல்பேசிக்குத் தொடர்பு காணவில்லை. குறுகிய நேரச் சோதனைகளில் நினைவாற்றலோ கவனமோ குறைந்ததற்கும் தக்க சான்று காணவில்லை.

இச்சோதனைகளில் பெரும்பாலானவை வயது வந்தோரிடம் நடத்தப்பட்டவை. சிறுவரின் மண்டையோடு மெல்லியது. கருவிக்கு அருகிலுள்ள அவர்தம் மூளைப் பகுதிகள் கூடுதலான ஆற்றலை ஈர்க்கக் கூடும். சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 700 வளரிளம் பருவத்தினரை ஓராண்டு கவனித்து, 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மூளை பெற்ற அலை மிகுந்தவரிடம் உருவங்களை நினைவில் கொள்ளும் திறன் சற்றுப் பின்தங்கியது. ஒரே ஆய்வினால் இது முடிவாகிவிடாது. இரவில் செல்பேசியோடு விழித்திருக்கும் மாணவனின் கவனம் சிதறினால், காரணம் அலையா, உறக்கக் குறைவா என்று பிரித்தறிய நெடுங்காலக் கண்காணிப்பு வேண்டும்.

ஹைதராபாத்தின் முன்னுதாரணம்

அத்தகைய கண்காணிப்பு நமக்குப் புதிதன்று. 1987 முதல் 1990 வரை, ஹைதராபாத் அருகே 29 கிராமங்களில், கருவுற்ற தாய்மார்க்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் துணை உணவு அளிப்பதன் பயன் ஆராயப்பட்டது. அவ்வாய்வின் பிள்ளைகள் 2003–2005-இல் வளரிளம் பருவத்தினராக மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். பின்னர் பெற்றோரும் உடன்பிறந்தோரும் சேர்க்கப்பட்டனர். இந்நகரிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இப்பணியில் முக்கியப் பங்கு வகித்தது. உணவைப் பற்றி இவ்வாறு ஆராய முடிந்ததெனில், செல்பேசியைப் பற்றியும் ஆராய முடியும். பேசும் நேரம், திரையைப் பார்க்கும் நேரம், உறங்கும் நேரம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிவு செய்து, சிறுவர், நடுவயதினர், முதியோர் ஆகியோரின் நினைவாற்றலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

அம்முடிவுகள் வரும்வரை எளிய எச்சரிக்கை நலம் பயக்கும். நீண்ட பேச்சுக்குச் செவிப்பொறியோ ஒலிபெருக்கியோ பயன்படுத்தலாம். தொடர்பு நலிந்த இடத்தில் பேச்சைச் சுருக்கலாம். சிறுவர் கருவியைக் காதோடு ஒட்டிப் பேசுவதைக் குறைக்கலாம். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவே. கோபுரத்தை எதிர்த்து மனு வரும்போது, அலுவலர் அதனைப் புறக்கணிக்கவோ அஞ்சி உடனே ஏற்கவோ வேண்டியதில்லை. அலையை அளந்து, அளவையும் வரம்பையும் மக்கள் மொழியில் எடுத்துரைப்பதே அவர்தம் கடமையாகும்.