லாரிக்குப் பின்னால் நிற்கும் ஆள்: கழிவு அகற்றும் தொழிலில் கும்பல்கள் நுழைந்த கதை

சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் இருக்கிற புதுக்கோட்டை மாவட்டத்தில் நினைவுச் சொற்பொழிவு என்றால் ஓவியம் பேசுவார்கள், கல்வெட்டு பேசுவார்கள். நான் குப்பை லாரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைச் சொன்னதும் அறக்கட்டளைக்காரர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். அப்புறம் “சரி, பேசுங்கள்” என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு முதலில் நன்றி.

நியூயார்க்கிலிருந்து தொடங்குகிறேன். அங்கே கடைகள் பலவற்றின் குப்பையை மாநகராட்சி வண்டியே அள்ளிக்கொண்டிருந்தது. 1956-இல் அந்த வேலையிலிருந்து மாநகராட்சி கைகழுவியது. வீட்டுக் குப்பைக்கு மட்டும் நாங்கள், வியாபாரிகள் தனியார் வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. ஏறத்தாழ 50 ஆயிரம் கடைகள் ஒரே சமயத்தில் தனியாரைத் தேடி நின்றன. அந்தத் தொழிலில் இருந்தவர்கள் பெரும் முதலாளிகள் இல்லை. அப்பன், மகன், ஒன்றிரண்டு லாரி, அவ்வளவுதான். லாரி வாங்க முடிந்தவன் எவனும் நாளைக்கே போட்டிக்கு வந்துவிடலாம். வந்தால் கூலி சரியும். சரியாமல் இருக்க இவர்கள் சங்கம் வைத்தார்கள். இந்தக் கடை உனக்கு, அந்தத் தெரு எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள்.

தொழில் செய்பவர்கள் சங்கம் வைப்பதில் தப்பில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவன் சொல் தவறி அடுத்தவன் கடையில் குப்பை எடுத்துவிட்டால் என்ன செய்வது? வழக்குப் போட முடியாது. ஒப்பந்தமே சட்டத்துக்குப் புறம்பானது. கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாத ஒப்பந்தத்தைக் காப்பாற்றித் தர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக வந்தவர்களில் ஒருவர் வின்சென்ட் ஸ்குவில்லான்டே. வண்டிக்காரர் சங்கத்துக்குத் தொழிலாளர் விவகார ஆலோசகர் என்று பதவி. 1957-இல் மெக்லெல்லன் தலைமையிலான செனட் குழு அவரை விசாரித்தது. கேள்வி கேட்டவர் குழுவின் வழக்கறிஞர் ராபர்ட் கென்னடி. சங்கத்தில் சேராத வண்டிக்காரனின் வாடிக்கையாளரிடம் அடிமட்ட விலைக்குப் போய் நிற்பதற்கென்றே சங்கத்தார் ஒரு கம்பெனியை வைத்திருந்தார்கள். அதற்கும் மசியாவிட்டால் ஓட்டுநர் தொழிற்சங்கம் கடை வாசலில் மறியலுக்கு வரும். 1960-இல் ஸ்குவில்லான்டே காணாமல் போனார். இன்றுவரை உடல் கிடைக்கவில்லை.

ஆள் போனாலும் முறை போகவில்லை. கடை வண்டிக்காரனுக்குச் சொந்தம் என்பது அந்தத் தொழிலின் சட்டமாகவே ஆகிவிட்டது. கடைக்காரர் மாறினாலும், கடையே கைமாறினாலும், அந்த முகவரியில் விழும் குப்பை பழைய வண்டிக்காரனுக்குத்தான். நம் ஊரில் நிலம் விற்பதுபோல அங்கே ‘குப்பை எடுக்கும் உரிமை’யை விலை பேசி விற்றார்கள். கூலிக்கு மாநகராட்சி உச்சவரம்பு வைத்திருந்தது. எல்லோரும் அந்த உச்சத்தையே வாங்கினார்கள். 1990-களின் தொடக்கத்தில் பிரௌனிங் ஃபெர்ரிஸ் என்ற பெரிய கம்பெனி அந்த நகரத்துக்குள் நுழையப் பார்த்தது. அதன் அதிகாரி ஒருவர் வீட்டுப் புல்தரையில் ஒரு நாயின் வெட்டிய தலை கிடந்தது.

1995 ஜூனில் மாவட்ட அரசு வழக்கறிஞர் மார்கென்தாவ் 17 பேர், 23 கம்பெனிகள், 4 சங்கங்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார். அதற்கு முன் போலீஸ்காரர் ஒருவர் குப்பைக் கம்பெனி ஆளாக வேடம் போட்டு ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்திருந்தார். அடுத்த ஆண்டு வண்டிக்காரர்களுக்கு உரிமம் வழங்கத் தனி ஆணையம் வந்தது. குப்பை அள்ள ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் கொடுத்துக்கொண்டிருந்த உலக வர்த்தக மையம் 6 லட்சத்துக்கு இறங்கியது. மிச்சம் 24 லட்சமும் இத்தனை காலம் எதற்காகப் போனது என்று விளக்க வேண்டியதில்லை.

இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கம் கதை இன்னும் கொடியது. வடக்கே உள்ள ஆலைகளின் நச்சுக் கழிவைக் கமோரா கும்பல்கள் வாங்கிவந்து விளைநிலத்தில் புதைத்தன. கார்மினே ஸ்கியாவோனே என்ற கும்பல்காரர் 1997-இல் நாடாளுமன்றக் குழுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த வாக்குமூலம் மக்கள் கைக்கு வந்தது 2013-இல்.

நம் பக்கம் வருவோம். 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர், கொடகநல்லூர் சுற்றுவட்டாரத்தில் மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது. ஊசி, கையுறை, ரத்தக் கறை படிந்த பஞ்சு. நடுவே நோயாளிகளின் பெயர் எழுதிய மருத்துவமனைத் தாள்கள். திருவனந்தபுரத்துப் புற்றுநோய் மருத்துவமனையைக் காட்டிக்கொடுத்தவை அந்தத் தாள்கள்தான். பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு விதித்தது. கேரள அதிகாரிகள் லாரி கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போனார்கள். 2016-ஆம் ஆண்டு விதிப்படி மருத்துவக் கழிவுப் பைகளில் பட்டைக் குறியீடு இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கேரளத்தில் பாலக்காட்டிலேயே இதற்கென்று பெரிய சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அப்படியிருந்தும் நெல்லைக்கு வந்ததென்றால் காரணம் கணக்குத்தான். முறைப்படி எரித்தால் செலவு. சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியில் ஏற்றிவிட்டால் டீசல் காசும் புரோக்கர் கமிஷனும் போதும். கொடுப்பவர் ‘எங்கே கொட்டினாய்’ என்று கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கூலி. 2025-இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி மருத்துவக் கழிவு கொட்டுபவர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. ஓட்டுநரும் புரோக்கரும் சிக்குவார்கள். ஏற்றி அனுப்பிய நிர்வாகம் சிக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

புதுக்கோட்டையில் குப்பை மாஃபியா இருக்கிறது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் டிப்பர் லாரி என்ன செய்யும் என்று இந்த மாவட்டத்துக்குத் தெரியும். கல் ஏற்ற ஒரு நடைக்குத் தரும் அனுமதிச் சீட்டில் நாலு நடை ஓட்டுவதைச் சாலையோரம் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட எண்ணிச் சொல்வார்கள். திருமயம் பகுதியில் அனுமதியை மீறிக் கல் வெட்டுகிறார்கள் என்று தொடர்ந்து மனுக் கொடுத்தவர் ஜகபர் அலி, முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை, தொழுகை முடித்து இருசக்கர வண்டியில் வீடு திரும்பும்போது டிப்பர் மோதி இறந்தார். முதலில் விபத்தாகப் பதிவான வழக்கு பிறகு கொலை வழக்கானது. குவாரி உரிமையாளர்கள் உள்பட ஐந்து பேர் கைதானார்கள். சிபிசிஐடிக்கு வழக்குப் போனது. தீர்ப்பு சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நான் கவனிப்பது வேறு: சீட்டில் எழுதாத கல்லுக்கும் சீட்டில் எழுதாத குப்பைக்கும் ஓடுவது ஒரே மாதிரி லாரி. கல் எடுத்து முடித்த குவாரிப் பள்ளம் சும்மா கிடக்கிறது. கழிவைத் தூர எடுத்துப் போக மனமில்லாதவனுக்கு அதைவிட வசதியான இடம் வேறு கிடைக்காது.

புதுக்கோட்டை 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. குப்பை ஒப்பந்தங்கள் இனி பெரிதாகும். டெண்டரில் சிண்டிகேட் போடுவது என்ற பேச்சைக் கேட்காத ஒப்பந்ததாரர் தமிழ்நாட்டில் கிடையாது: நீ இந்த முறை எடுத்துக்கொள், அடுத்த முறை எனக்கு விடு. அதுவும் கோர்ட்டுக்குப் போக முடியாத ஒப்பந்தம்தான். ஸ்குவில்லான்டேக்கு வேலை பிறப்பது அங்கேதான்.

ஆகவே உங்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். எத்தனை பேர் டெண்டர் போட்டார்கள், ஒருவர் தொகைக்கும் அடுத்தவர் தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம், எடைமேடைச் சீட்டில் ஒரு மாதம் எத்தனை டன், அத்தனையும் எங்கே இறங்கியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் வில்லை ஒட்டினால் போதும். கூலி டன் கணக்கில் என்றால், மழை மாதத்தில் எடை எவ்வளவு கூடுகிறது என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஈரக் குப்பைக்கு நல்ல கனம். ஒருவர் பெயரில் மட்டும் விண்ணப்பம் போடாதீர்கள். வார்டுக்கு நாலைந்து பேர் சேர்ந்து தனித்தனியாகப் போடுங்கள், நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பிவையுங்கள்.