பாதுகையும் பம்பரமும்

(பெருநகர் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேசப்போகும் விஷயம் உங்களில் சிலருக்கு ஆபாசமாகப் படலாம். "இந்தக் கூட்டத்திற்குப் பெண்களை அழைத்து வரலாமா?" என்று இரண்டொரு தோழர்கள் நம்மிடமே வந்து கேட்டார்கள். சினிமாக் கொட்டகைக்கு அழைத்துப் போகிறவர்கள் இங்கு அழைத்து வரக்கூடாதா என்று நாம் கேட்டதற்கு, சிரித்தார்களே தவிர பதில் சொல்லவில்லை.

விஷயம் என்னவென்றால், மனிதருக்கு மனிதர்மேல் ஆசை உண்டாவது இயற்கை. ஆனால் சிலருக்கு அந்த ஆசை ஆளின்மேல் போகாமல், ஆளின் பாதத்தின்மேலோ, கூந்தலின்மேலோ, செருப்பு, தோலுடை முதலிய வஸ்துக்களின்மேலோ போய் நின்றுவிடுகிறது. இதற்கு மேல்நாட்டார் வைத்திருக்கும் பெயர் ஃபெடிஷ். இந்தப் பெயர் வந்த விதம் வேடிக்கையானது. போர்த்துகீசியர் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவில் இறங்கியபோது, அங்குள்ள ஜனங்கள் மரக்கட்டையையும் எலும்பையும் கும்பிடுவதைப் பார்த்து, 'ஃபெயிதிசோ', அதாவது மந்திரித்த வஸ்து, என்று பெயர் வைத்தார்கள். தங்கள் கழுத்தில் தொங்கிய சிலுவைக்கு மாத்திரம் அந்தப் பெயரை வைக்கவில்லை! 1760-ல் தெ பிரோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தச் சொல்லை மத ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தார். 1887-ல், பிற்காலத்தில் புத்தியை அளக்கும் பரீட்சைக்குப் பேர்போன ஆல்பிரெட் பினே, அதைக் காதல் விவகாரத்திற்கு இழுத்துக்கொண்டார். ஆகவே பூஜை செய்யுமிடத்தில் பிறந்த சொல்தான் படுக்கையறைக்குள் போயிருக்கிறது.

"இதெல்லாம் சீமைக்காரன் புத்தி, நம் நாட்டில் ஏது?" என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். அப்படியா? பரதன் பதினான்கு வருஷகாலம் எதைச் சிம்மாசனத்தில் வைத்திருந்தான்? இதோ பக்கத்துக் காஞ்சீபுரத்தில், தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் பாதுகையைப்பற்றி மாத்திரம் 1008 சுலோகங்கள் பாடியிருக்கிறாரே! உத்திரமேரூர்ப் பெருமாள் கோயிலில் உங்கள் தலையில் கவிழ்க்கிறார்களே சடாரி, அதில் இருப்பது பாதந்தானே? ஒரு பாண்டியன் ராஜ்ய காரியங்களை ஒதுக்கிவிட்டு, பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று சந்தேகங்கொண்டு பொற்கிழி கட்டித் தொங்கவிட்டான். அதற்குப் பரமசிவனே வந்து புலவரோடு வாதாடினாராம். 1965-ல் அது சினிமாவாகவும் வந்து, நாமெல்லாம் பார்த்து ஆனந்தித்தோம். அந்த ராணியை ஒருவராவது, "அம்மா, உன் தலைக்கு என்ன தேய்க்கிறாய்?" என்று கேட்டார்களா? கேட்டிருந்தால் கதை அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

பக்தியும் காமமும் ஒன்றே என்று சொல்ல நாம் வரவில்லை. ஆளை விட்டுவிட்டு ஆளின் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுகிற மனப்பழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதே நம் அபிப்பிராயம்.

சரி, இது வியாதியா? வெகுகாலம் வைத்தியர்கள் வியாதி என்றே சொல்லி வந்தார்கள். ஆனால் 2019-ல் உலக சுகாதார சபை ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி முதல் அமுலுக்கு வந்த புதிய நோய்ப் பட்டியலில் ஃபெடிஷ் என்ற தனி வியாதியே கிடையாது, எடுத்துவிட்டார்கள். வயது வந்த இருவர் மனமொத்து ஒருவருக்கொருவர் தீங்கில்லாமல் நடந்துகொண்டால், அது அவர்கள் சொந்த விஷயம். சம்மதியாதவரைத் தொட்டாலும், பிறருக்குத் தீங்கு வந்தாலும், தனக்கே தாங்க முடியாத துன்பமாக இருந்தாலுந்தான் அது வைத்தியத்துக்கோ சட்டத்துக்கோ உரிய சங்கதி. இது தெரியாத நம் வாலிபர்கள், தங்கள் மனதில் தோன்றுவதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, மாதத்தில் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் தங்குவார் என்று விளம்பரம் செய்யும் லேகிய வைத்தியர்களிடம் போய், இருக்கிற பணத்தையும் புத்தியையும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். யாருக்கும் கெடுதியில்லாத ஆசையுடையவனைப் பார்த்து நாம் பரிகாசம் செய்யமாட்டோம்.

நம் சண்டை வேறு இடத்தில். ஒருவனுக்குத் தனியாக இருக்கும் ருசியை ஊருக்கெல்லாம் ருசியாக்கி டிக்கட் போட்டு விற்கிறார்களே, அவர்களோடுதான். சீமையிலும் இந்த வியாபாரம் உண்டு. 1974-ல் லண்டனில் ஒரு கடைக்காரர்கள், மறைவில் அணிந்துவந்த ரப்பர், தோலுடைகளைக் கடைத்தெருவில் தொங்கவிட்டார்கள். அதுவே வாலிபர்களின் பாட்டுக் கச்சேரி உடையாயிற்று. ஆனால் அங்கே இஷ்டப்பட்டவர்கள் வாங்கி அணிந்தார்கள். இங்கே என்ன நடந்தது?

நம் சினிமாவில் வெகுகாலம் ஆணும் பெண்ணும் முத்தமிட மாட்டார்கள். இரண்டு பூக்கள் முட்டிக்கொள்ளும். கதைக்கு அவசியமானால் முத்தத்தை அனுமதிக்கலாம் என்று 1969-ல் கோஸ்லா கமிட்டி சொல்லியும், நம் கலாசாரம் இடங்கொடுக்கவில்லை. சமமான இருவர் செய்யும் முத்தம் ஆபாசமாயிற்று; ஒருத்தியின் தொப்புளைத் திரை முழுவதும் பெரிதாக்கிக் காட்டுவது கலையாயிற்று. 1992-ல் வந்த 'சின்ன கவுண்டர்' படத்தில் கதாநாயகன் கதாநாயகியின் தொப்புளில் பம்பரம் விட்டான். பம்பரம் சுற்றினால் அவளுக்கு என்ன ஆகும் என்று கேட்டவர் உண்டா? கதாநாயகி கதாநாயகனைப் படுக்கவைத்துப் பம்பரம் விட்டிருந்தால் கொட்டகை சும்மா இருந்திருக்குமா? (தாய்மார்கள் சிரிக்கிறார்கள், ஆண்கள் யோசிக்கிறார்கள்.)

இந்த வியாபாரத்துக்குப் பெண் தேவையில்லை; உறுப்பு இருந்தால் போதும். 2013-ல் 'நையாண்டி' என்ற படத்தில் நடித்த நஸ்ரியா நசீம் என்னும் நடிகை, வேறொரு பெண்ணின் இடுப்பைப் படமெடுத்துத் தன் சம்மதமில்லாமல் தன்னுடையதுபோல் சேர்த்திருக்கிறார்கள் என்று சென்னைப் போலீஸ் கமிஷனரிடம் புகார் கொடுத்தார். அதற்கு நம் வாலிபர்களில் பலர் செய்ததென்ன? அந்தப் பெண்ணைக் கேலி செய்தார்கள். மற்றொரு விஷயம் பாருங்கள்: அந்த வேறொரு பெண் யார் என்று கேட்கவே யாருக்கும் தோன்றவில்லை.

இவற்றையெல்லாம்விட நாம் மறக்கக்கூடாதது குஷ்பு விஷயம். அவருக்குத் திருச்சிப் பக்கத்தில் ரசிகர்கள் கோயில் கட்டினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் பெயரால் இட்லி உண்டானது உங்களுக்குத் தெரியும். அவருடைய கன்னம் ஜனங்களுக்கு வேண்டியிருந்தது, பெயர் வேண்டியிருந்தது. 2005-ல் அவர் வாயைத் திறந்து, கல்யாணத்துக்கு முன் உறவு என்பதைப்பற்றியும், படித்த ஆண் தன் மனைவி கன்னியாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்றும் ஒரு பத்திரிகைக்கு அபிப்பிராயம் சொன்னார். உடனே தமிழ்ப் பெண்களின் கற்புக்கு ஆபத்து வந்துவிட்டதாம்! செருப்பும் துடைப்பமும் தூக்கினார்கள். ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். மொத்தம் 23 வழக்குகள். தொப்புளில் பம்பரம் சுற்றியபோது போகாத கற்பு, ஒரு பெண் தன் புத்தியில் பட்டதைச் சொன்னபோது போய்விட்டது என்றால், அந்தக் கற்பு யாருடைய சௌகரியத்துக்கு ஏற்பட்டது?

ஐந்து வருஷம் அந்த அம்மாள் கோர்ட்டுக்கு அலைந்தார். 2010 ஏப்ரல் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அத்தனை வழக்குகளையும் தள்ளுபடி செய்து, அபிப்பிராயம் சொல்லுவது குற்றமாகாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. துடைப்பம் தூக்கியவர்களில் எத்தனை பேர் அந்தத் தீர்ப்பைப் படித்திருப்பார்கள்?

நேரமாகிவிட்டது, வந்தவாசிப் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசிப் பஸ் இருக்கிறது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் எழுதியும் கொடுக்கலாம், எழுந்தும் கேட்கலாம். முதல் மூன்று கேள்விகளுக்குத் தாய்மார்கள் பக்கமே இடம் விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.