சிவந்த கண்ணுக்கு எந்த மருந்து?

(சங்கரன்கோவிலில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



கண்ணு சிவந்து நீர் வடிஞ்சா நாம என்ன செய்கிறோம்? 'மெட்ராஸ் ஐ' என்று நாமே முடிவு கட்டி, மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றுகிறோம். சில வீட்டில் தாய்ப்பால், சில வீட்டில் நந்தியாவட்டைப் பூ. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் தானா ஆறிவிடும். ஆனால் எல்லாச் சிவப்பும் மெட்ராஸ் ஐ கிடையாது.

காய்ச்சல் வந்தா உதட்டோரம் கொப்புளம் போடுமே, அந்த ஹெர்ப்பஸ் கிருமி கண்ணிலும் வரும். பெரும்பாலும் சின்ன வயசிலேயே உடம்புக்குள் புகுந்து, முகத்து நரம்பில் தூங்கிக் கிடக்கும். என்றைக்கோ முழித்து, கருவிழியில் புண் போடும். அநேகமாக ஒரு கண்ணில்தான். வெளிச்சம் பார்த்தால் கூசும், பார்வை மங்கும். கருவிழியில் உணர்ச்சி குறைந்துவிடுவதால் சிலருக்கு வலி தெரியாது. 'வலிக்கலையே' என்று இருந்துவிடாதீர்கள். டாக்டர் சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், புண் மரக்கிளை மாதிரி பச்சையாகத் தெரியும்.

இதில் பெரிய ஆபத்து கடைச் சொட்டு மருந்துதான். சிலதில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஊற்றினால் சிவப்பு குறையும், சுகமா இருக்கும். உள்ளே புண் பரவும். கடைசியில் கண்ணில் பூ விழுந்து பார்வை போய்விடலாம். டாக்டரே சில நேரம் கிருமி மருந்தோடு சேர்த்து ஸ்டீராய்டு கொடுப்பார். அது அவர் பார்த்துக் கொடுப்பது, நாமாக நிறுத்தவும் கூடாது.

இந்தக் கிருமிக்கென்றே மருந்து இருக்கிறது. 1962ல் ஐடாக்ஸுரிடின் சொட்டு மருந்து வந்தது. அப்புறம் வந்தது அசைக்ளோவிர். அதைக் கண்டுபிடித்த ஆய்வுப் பிரிவை நடத்தியவர் கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணி. 1988ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். நம்ம ஊரில் அது கண் களிம்பாகக் கிடைக்கிறது. கான்சிக்ளோவிர் ஜெல்லும் உண்டு.

நெற்றியிலோ கண்ணோரத்திலோ அக்கி போட்டால் காவி எழுதிவிட்டு உட்காராதீர்கள். அது இதுக்குச் சொந்தக்காரக் கிருமி. மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். கோமதி அம்மன் கோவில் புற்றுமண்ணை நெற்றியில் பூசுங்கள், கண்ணுக்குள் வேண்டாம்.

முதலில் நம்ம அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். மேலே போகச் சொன்னால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கின்றன. பஸ் செலவுக்கு உள்கடன் கேட்டால், அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

களிம்பை வழக்கமாக ஒரு நாளைக்கு 5 வேளை போடச் சொல்வார்கள். கீழ் இமையை இழுத்து உள்ளே வையுங்கள். கொஞ்ச நேரம் பார்வை மங்கும், அப்போது அடுப்படிக்குப் போகாதீர்கள். இது திரும்ப வரக்கூடிய நோய் என்பதால் சீட்டைப் பத்திரமாக வைத்து, அடுத்த தடவை கண் சிவந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.