மரம் நடலாம், கழிவை அள்ளுவது யார்?

(மேல்மலையனூர் விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



நம்ம ஊரிலிருந்து சேத்துப்பட்டு, ஆரணி, ஆற்காடு வழியா போனா ராணிப்பேட்டை. தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்பு தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை அங்கேதான் இருந்தது. 1990-களின் நடுவில் மூடினார்கள். ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். மூடி 20 வருஷம் ஆன பிறகும் அது அங்கேயே கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீராகக் கசிந்தது, நிலத்தடி நீரில் இறங்கியது.

இந்த மாதிரி இடத்தில் சீக்கிரம் வளரும் மரம் வைத்தால் போதும், மண் சுத்தமாகிவிடும் என்கிறார்கள் சிலர். சவுக்கும் தைலமரமும் நமக்குப் புதுசா? மரத்தால் ஆவதும் ஆகாததும் நமக்குத் தெரியும்.

மரம் தண்ணீரை உறிஞ்சும். அதனால் கழிவு கீழே இறங்குவது குறையும். வேர் மண்ணைப் பிடிக்கும், தூசி பறக்காது. தழை மக்கி மண்ணில் சேர்ந்தால் நச்சு குரோமியத்தில் ஒரு பங்கு கரையாத வகையாக மாறும். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் உலோகம் மக்கிப் போகாது. குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கும், இலைக்கு ஏறுவது கொஞ்சம். லேசாகக் கெட்ட நிலத்துக்கே பல வருஷம் பிடிக்கும். கழிவு மேட்டில் கன்றே பிழைக்காது. அதை அள்ளி, நீர் இறங்காத இடத்தில் அடைத்து வைக்கணும். அங்கே வளர்ந்த மரத்தை அடுப்பில் வைத்தால் சாம்பலிலும் உலோகம் நிற்கும். தழையை ஆட்டுக்கும் போடக்கூடாது.

செலவு யாருடையது? கெடுத்தவரே கட்டவேண்டும் என்று வேலூர் தோல் ஆலை வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாழானதையும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. அதே பகுதி மக்களுக்கு இழப்பீடு கொடு, கெடுத்தவரிடம் வசூல் செய் என்று 2025 ஜனவரியில் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. 29 வருஷம்! ஒரு தலைமுறை விவசாயம் போச்சு.

ஆகவே தோழர்களே, எவனாவது லாரியில் "இலவச எரு", "மேடு தூர்க்க மண்" என்று கொண்டுவந்தால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஏரியிலோ கொல்லையிலோ கொட்ட விடாதீர்கள். வண்டி நம்பரைக் குறித்து, தாசில்தாரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் எழுத்தில் மனு கொடுங்கள். ரசீது வாங்குங்கள். கிராமசபையில் தீர்மானம் போடுங்கள்.

மரம் நடுவோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. மரத்தைக் காட்டி கழிவை மறைக்க விடமாட்டோம்!

மண்ணைக் கெடுத்தவனே மண்ணைத் திருத்து!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!