இதயம் மீண்டது, மூளை மீள நாளாகும்
(அறக்கட்டளையின் மாதாந்திர நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இதய நோய் வராமல் தடுப்பதைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். துடிப்பு நின்றுபோய், மருத்துவர்கள் மீட்டுக்கொடுத்து, வீடு திரும்பிய ஒருவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இன்று அவரைப் பற்றியும் அவருடைய வீட்டாரைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு வேறுபாடு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அப்போது பெரும்பாலும் நோயாளிக்கு நினைவு இருக்கும். நெஞ்சு வலிக்கிறது என்று வாயால் சொல்வார். இதயத்துடிப்பே நின்றுவிடுவது இதயநிறுத்தம். மாரடைப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம், ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. இதயம் நின்ற சில நொடிகளில் ஆள் நினைவிழந்து விழுந்துவிடுவார். மூளைக்கு ரத்தம் போகாது. நான்கைந்து நிமிடங்களிலேயே மூளையின் உயிரணுக்கள் பாதிக்கப்படத் தொடங்கும்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் நடந்த யூரோ கால்பந்துப் போட்டியைப் பார்த்த இளைஞர்களுக்கு நினைவிருக்கும். டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆடிக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். அங்கேயே நெஞ்சை அழுத்தினார்கள், கருவியால் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு கத்தார் உலகக் கோப்பையில் அவர் விளையாடினார். மருத்துவக் குழு பக்கத்திலேயே இருந்தது அவருக்குக் கிடைத்த பேறு. நம் வீட்டிலோ கடையிலோ ஒருவர் விழுந்தால் உதவி வந்து சேர நேரமாகிறது. அந்த நிமிடங்களின் சுமையை மூளைதான் தாங்குகிறது.

இதயநிறுத்தத்திலிருந்து பிழைத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நினைவாற்றலிலோ, கவனத்திலோ, திட்டமிட்டு ஒரு வேலையைச் செய்து முடிப்பதிலோ ஏதாவது சிரமம் இருக்கிறது. பலருக்கு அது லேசானது. லேசானது என்பதாலேயே வீட்டில் கண்ணுக்குப் படுவதில்லை. மூளையில் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, ஆக்சிஜன் குறைவால் எளிதில் பாதிக்கப்படும் பகுதிகளில் ஒன்று. அதனால்தான் முப்பது வருடத்துக்கு முந்தைய கதையை அப்படியே சொல்கிறவர், காலையில் யார் வந்துபோனார்கள் என்பதை மறந்துவிடுகிறார். போட்ட மாத்திரையை மறுபடி கேட்பார். தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்பது குழம்பும். கடையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கணக்கு தவறும். சிறு வேலைக்கே களைத்துப்போவார். சட்டென்று கோபம் வரும், காரணமில்லாமல் கண் கலங்கும்.

இதைப் பார்க்கிற வீட்டார் என்ன சொல்கிறார்கள்? "வாப்பா முன்ன மாதிரி இல்ல, எதுலயும் அக்கறையே இல்ல" என்கிறார்கள். "டாக்டர் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாரே, இன்னும் ஏன் படுத்தே கிடக்கிறீங்க" என்று கேட்கிறார்கள். டாக்டர் நன்றாக இருக்கிறது என்று சொன்னது இதயத்தை. மூளைக்கு இன்னும் நாள் வேண்டும். அவருடைய மறதியைச் சோம்பல் என்றும், கோபத்தைக் குணக்கேடு என்றும் எடுத்துக்கொண்டால் குடும்பம் உடைந்துபோகும்.

மருத்துவ உலகம் இதை இப்போது கவனமாக எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2020-இல், உயிர்காக்கும் சங்கிலியில் 'மீட்சி' என்பதை ஆறாவது கண்ணியாகச் சேர்த்தது. டிஸ்சார்ஜ் ஆன மூன்று மாதத்துக்குள் நினைவாற்றல், மனநிலை, களைப்பு மூன்றையும் பரிசோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய உயிர்மீட்புக் குழுமம் 2021-இல் வழிகாட்டியது. நம் ஊரில் இதை யாராவது தாமாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். இதய மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்: "ஞாபகசக்தியைச் சோதித்துப் பார்க்க வேண்டுமா?" தேதி சொல்வது, கடிகாரம் வரைவது, ஐந்து சொற்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வது போன்ற எளிய சோதனை அது, பத்து நிமிடம் போதும். கூட ஒருவர் போங்கள். தமக்குக் குறை இருப்பதே சில நோயாளிகளுக்குத் தெரியாது; வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

முன்னேற்றம் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் தெரியும். அதன் பிறகும் ஓராண்டு வரை தொடரலாம். அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை இவை. மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்த டப்பாவில் வையுங்கள். செய்ய வேண்டியதை ஒரே நோட்டில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் கொடுங்கள். மதியம் ஓய்வும் இரவில் நல்ல தூக்கமும் அவசியம். மருத்துவர் சொன்ன அளவுக்கு நடைப்பயிற்சி நல்லது. அவர் அனுமதிக்கும் வரை வண்டி ஓட்ட வேண்டாம். பத்திரத்தில் கையெழுத்து, பெரிய கொடுக்கல் வாங்கல் எல்லாம் சற்றுத் தள்ளிப்போகட்டும். வெளிநாட்டு வேலைக்குத் திரும்புவதையும் பரிசோதனை முடிந்த பிறகு முடிவு செய்யுங்கள். கடைக்கு வருவதென்றால் முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டு போங்கள். திடீரென்று வலிப்போ, கை கால் பலவீனமோ, புதிதாகக் குழப்பமோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நலம் விசாரிக்கப் போகிற நமக்கும் ஒரு வேண்டுகோள். போவது நல்ல காரியம். ஆனால் பத்துப் பேர் சுற்றி அமர்ந்து பேசினால் அந்த மனிதர் அன்று முழுவதும் களைத்துக் கிடப்பார். ஸலாம் சொல்லி, ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். "நான் யாருன்னு தெரியுதா?" என்று தேர்வு வைக்காதீர்கள். பெயரைச் சொல்லி நீங்களே அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

பராமரிக்கிற மனைவியையும் கவனியுங்கள். கண் முன்னே கணவர் விழுந்ததைப் பார்த்தவர் அவர். அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்க இரவில் பலமுறை எழுந்திருப்பார். அவருக்கும் பயம், தூக்கமின்மை, மனச்சோர்வு வரும். அவருக்கும் ஆலோசனை தேவைப்படலாம். வாரத்தில் ஒரு நாள் மகனோ மருமகளோ பக்கத்தில் இருந்து, அவரை ஓய்வெடுக்க விடுங்கள்.

மூளையைக் காக்கும் முதல் வேலை, ஆள் விழுந்த இடத்திலேயே தொடங்குகிறது. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்த வேண்டும். வீட்டுக்கு ஒருவராவது இந்தப் பயிற்சியைப் பெற வேண்டும்.

உங்கள் தெருவில் இதயம் நின்று பிழைத்து வந்தவர் யாராவது இருந்தால், இன்று கேட்டதை அந்த வீட்டாரிடம் போய்ச் சொல்லுங்கள். தங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த எண்ணம் போனாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.